திரை இருண்டதா? வண்டியில் கட்டுவதற்கு முன்...

ராகி முற்றும் பருவத்தில் ஜவளகிரிப் பக்கமிருந்து யானைக்கூட்டம் சானமாவு காட்டுக்கு வந்து தங்கிவிட்டால், பொழுது சாய்ந்தபின் யாரும் வெளியே கிளம்பக் கூடாது என்று வனத்துறை சொல்லிவிடும். வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுவதும் சரியாக அந்த நாளில்தான்! விடிந்ததும் மானிட்டரையும் சிபியுவையும் வண்டியில் கட்டி ஓசூருக்குக் கொண்டுபோனால், "கேபிள் லூசா இருந்துச்சு" என்று சொல்லி சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொள்வார்கள். கெட்டது மானிட்டரா, கேபிளா, சிபியுவா என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டால் பஸ் காசும் மிச்சம், கடையில் பேச்சும் சுருக்கம். அதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. திரை கறுப்பாக இருந்தால் முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்க. தட்டத் தட்ட அதன் குட்டி விளக்கு எரிந்து அணைந்தால் சிபியு உயிரோடுதான் இருக்கிறது, மானிட்டரையும் கேபிளையும் கவனிங்க. விளக்கில் அசைவே இல்லையென்றால் மானிட்டரை விட்டுவிட்டு சிபியுவைப் பாருங்க.

2. வீடியோ கேபிளை மானிட்டரிலிருந்து கழற்றிவிட்டு, மானிட்டரை மட்டும் ஆன் செய்யுங்க. 'நோ சிக்னல்' என்றோ 'செக் கேபிள்' என்றோ எழுத்து மிதந்து வந்தால் மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய சோதனை இதுதான்.

3. திரையில் கோடு, புள்ளி, நிழல் ஏதாவது தெரிகிறதா? மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்க. அந்த மெனு, மானிட்டர் தானே வரைந்துகொள்வது. சிபியுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெனுவின் மேலேயும் கோடு ஓடினால் பேனல் கோளாறு. மெனு மட்டும் பளிச்சென்று இருந்து பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டிருந்தால் கேபிள் அல்லது கிராபிக்ஸ் கோளாறு.

4. லேப்டாப்பில் அந்த மெனு கிடையாதே என்கிறீர்களா? பிரின்ட் ஸ்கிரீன் எடுத்து, அந்தப் படத்தை போனுக்கு அனுப்பிப் பாருங்க. போனிலும் கோடு தெரிந்தால் கோளாறு கிராபிக்ஸ் சிப்பிலோ டிரைவரிலோ இருக்கிறது. போனில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பேனலோ அதன் கேபிளோதான், விண்டோஸை அழித்துத் திரும்பப் போடச் சொல்லும் கடைக்காரரிடம் தலையாட்டாதீங்க.

5. மானிட்டரில் வி.ஜி.ஏ, எச்.டி.எம்.ஐ என்று இரண்டு வாய் இருந்தால், துடைக்கும்போது பட்டன் அழுந்தி இன்னொன்றுக்கு மாறியிருக்கும். 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பாருங்க.

6. விண்டோஸ் கீயும் 'பி'யும் (P) சேர்ந்து அழுந்திவிட்டால், படத்தை வேறு திரைக்கு அனுப்பிவிட்டு உங்கள் திரை கறுத்துவிடும். அதே இரண்டையும் மறுபடி அழுத்தி, அம்புக்குறியை ஒரு தடவை தட்டி என்டர் கொடுங்க. படம் வரவில்லையா, இதையே இன்னும் இரண்டு மூன்று முறை செய்தால் எல்லா நிலையும் சுற்றி வந்துவிடும்.

7. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்ட சிபியுவில், பின்பக்கம் மானிட்டர் செருகும் இடம் இரண்டு இருக்கும். கார்டு போட்டிருந்தால் மேலே மதர்போர்டில் உள்ள வாய் பெரும்பாலும் வேலை செய்யாது. ஆயுதபூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டும் வீடுகளில் மறுநாள் 'டிஸ்ப்ளே வரல' என்று கூப்பாடு போடுவது பாதி இதனால்தான்.

8. நீலத்தலை வி.ஜி.ஏ கேபிள் 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த காலத்திலிருந்து இரண்டு பக்கமும் திருகோடுதான் வருகிறது, நாம்தான் முடுக்குவதில்லை. கேபிளின் எடையே அதைக் கீழே இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும். இரண்டு முனையையும் கழற்றி மாட்டி, திருகைக் கையாலேயே முடுக்குங்க, ஸ்குரூடிரைவர் வேண்டாம்.

9. வெள்ளைப் பக்கம் வேறு நிறத்தில் தெரிந்தால், எந்தக் கம்பி அறுந்தது என்று அந்த நிறமே சொல்லிவிடும். வி.ஜி.ஏ-வில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. திரை மஞ்சளடித்தால் நீலம் வரவில்லை, ரோஜா ஊதாவாக அடித்தால் பச்சை வரவில்லை, நீலப்பச்சையாக அடித்தால் சிவப்பு வரவில்லை. கேபிளைத் தலைப்பக்கம் மெல்ல ஆட்டுங்க. ஒரு நொடி சரியாகி மறுபடி மாறினால் புதுக் கேபிள் போதும், மானிட்டரை யாருக்கும் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

10. கேபிளின் தலையில் ஊசி வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்க. வளைந்த ஊசியை ஊக்கின் நுனியால் மெதுவாக நிமிர்த்திவிடலாம். 15 ஊசியில் நடுவரிசையில் ஒன்று இல்லாவிட்டால் பதறாதீங்க. பல கேபிள்களில் 9-வது ஊசி தயாரிக்கும்போதே இருக்காது.

11. மஞ்சளாகத் தெரிவது எல்லாமே கேபிள் கோளாறு இல்லை. விண்டோஸ் 10-ல் 'நைட் லைட்' ஆனாகியிருந்தால் இருட்டியதும் திரை தானாகவே மஞ்சளாகும், காலையில் சரியாகிவிடும். டிஸ்ப்ளே செட்டிங்கில் அதை அணைத்தால் தீர்ந்தது.

12. வீட்டில் வாண்டுகள் இருந்தால் இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் பின்னால் ஒட்டிவையுங்க. திரை தலைகீழானால் கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு (பழைய இன்டெல் கிராபிக்ஸில்). எல்லாம் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோல் பெரிதானால் விண்டோஸ் கீ, எஸ்கேப். கறுப்பு வெள்ளையானால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், 'சி'. மூன்றுமே கடைக்குப் போக வேண்டிய நோய் இல்லை.

13. எழுத்தெல்லாம் தடித்து, வட்டம் முட்டையாகத் தெரிந்தால் ரெசல்யூஷன் மாறியிருக்கும். 17 அங்குல சதுர மானிட்டருக்கு 1280-க்கு 1024, பழைய லேப்டாப் பெரும்பாலானவற்றுக்கு 1366-க்கு 768 என்று வையுங்க. பிறகும் வி.ஜி.ஏ திரை ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் மானிட்டரின் 'ஆட்டோ' பட்டனை ஒரு தட்டு தட்டுங்க.

14. அந்த ரெசல்யூஷன் பட்டியலிலேயே இல்லையென்றால், டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டரில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்க. 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் போய்விட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டதால், கிடைக்கும்போதே இறக்கி பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

15. வேலையின் நடுவே திரை உறைந்தோ கறுத்தோ போனால், பவர் பட்டனை அழுத்தும் முன் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், 'பி' (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்க. கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், அடித்து வைத்த கடிதம் பிழைக்கும். விண்டோஸ் 10-லும் அதற்குப் பின் வந்ததிலும் இது உண்டு.

16. திரை படபடவென்று அடித்துக்கொண்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. அதுவும் சேர்ந்து படபடத்தால் டிரைவர் கோளாறு, அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு சாப்ட்வேர் செய்யும் சேட்டை. கடைசியாக எதை இன்ஸ்டால் செய்தோம் என்று யோசித்து அதை நீக்கிப் பாருங்க.

17. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் இன்னும் எத்தனையோ வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள், நாம்தான் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது போங்க. லினக்ஸில் திரை பளிச்சென்று இருந்து விண்டோஸில் மட்டும் கெட்டிருந்தால், பேனல் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. உங்களுடையதில் லினக்ஸை அழித்திருந்தால், பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றைப் போட்டும் இதே சோதனையைச் செய்யலாம்.

18. ஓசூர்ப் பக்கம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், மார்கழிக் காலையில் நமக்கே எழுந்திருக்க மனசு வராது. டியூப் விளக்கு வைத்த பழைய எல்.சி.டி மானிட்டருக்கும் குளிரில் வெளிச்சம் வரச் சற்று நேரமாகும், ஆரம்பத்தில் மங்கலாகவோ லேசான ரோஜா நிறத்திலோ தெரியும். சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டால் ஓட்டுங்க. வெயில் காலத்திலும் அந்த ரோஜா நிறம் போகவில்லையென்றால் டியூப்புக்கு வயசாகிவிட்டது.

19. கறுத்த திரையில் டார்ச்சைச் சாய்வாக அடித்து உற்றுப் பாருங்க. ஐகான்களின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருந்து வெளிச்சம் கொடுக்கும் விளக்குதான் போயிருக்கிறது. கடையில் 'பேக்லைட் போயிடுச்சு' என்று நீங்களே சொன்னால், முழு பேனல் மாற்றச் சொல்ல கடைக்காரருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

20. ஆன் செய்ததும் இரண்டு நொடி படம் வந்து அணைந்துவிடுகிறது, ஆனால் பவர் விளக்கு எரிகிறதா? பழைய எல்.சி.டி-யில் இது பேக்லைட்டையும் அதற்குக் கரன்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் போர்டையும் காட்டிக்கொடுக்கும் அடையாளம். கேபிளை மாற்றிக் காசைக் கரைக்காதீங்க.

21. பவர் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்து, பலமுறை அணைத்து அணைத்துப் போட்ட பிறகுதான் மானிட்டர் உயிர்பெறும் என்றால், உள்ளே பவர் போர்டில் கெபாசிட்டர் தலை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது உலகம் முழுக்க இருந்த தொல்லை. மானிட்டரிலேயே மலிவாக முடியும் ரிப்பேரும் இதுதான்: அதே மைக்ரோபேரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி வகை என்று கேட்டு வாங்கினால் போதும். சிப்காட் கம்பெனிகளில் சால்டரிங் கற்ற பிள்ளை தெருவுக்கு ஒருவராவது இருப்பார், ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பேசுங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரன்ட் தங்கியிருக்கும், நீங்களே கை வைக்க வேண்டாம்.

22. பின்னால் தொந்தி வைத்த பழைய டப்பா மானிட்டரை மட்டும் யாரும் திறக்காதீங்க. பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்டுக்கு மேல் போகும், அணைத்த பிறகும் அது தேங்கி நிற்கும். ஒரு மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ திட்டுத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, மெனுவில் 'டீகாஸ்' கொடுங்க. காந்தம் செய்த வேலை அது.

23. கரன்ட் போய் வரும்போதெல்லாம் மானிட்டர் அணைந்து அணைந்து எரிந்தால், யு.பி.எஸ்ஸை விட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்க. நேரில் சரியாக ஓடினால் யு.பி.எஸ். பேட்டரி மட்டும் மாற்றினால் போதும், சின்ன யு.பி.எஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரிதான் இருக்கும். பழைய பேட்டரியைக் கொண்டுபோனால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.

24. போர் மோட்டார் போடும்போதோ மிக்ஸி ஓடும்போதோ மட்டும் திரை நடுங்குகிறதா? மானிட்டரைக் குறை சொல்லாதீங்க, அந்த பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்க.

25. சித்திரை, வைகாசியில் கோடைமழை இடியோடு வரும்போது பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. இன்டர்நெட் ஒயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும், அதையும் உருவிப் போடுங்க.

26. சூளகிரிப் பக்கம் கல்குவாரித் தூசி எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படம் அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு புள்ளி புள்ளியாகச் சிதறி நின்றுவிட்டால் கிராபிக்ஸ் சிப் சூடாகிறது. சிபியு மூடியைத் திறந்து, மின்விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்க. பிளோயர் அடித்து அதைத் தாறுமாறாகச் சுழல விடக் கூடாது.

27. மூடி திறந்த கையோடு ராமையும் கழற்றி, அதன் தங்கநிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்க. விளக்கெல்லாம் எரிந்தும் டிஸ்ப்ளே வராத பழைய சிபியுக்களுக்கு இதுதான் முதல் மருந்து. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டுச் செய்யுங்க.

28. ஆன் செய்யும்போது 'பீப்' சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்க. அவார்டு பயாஸ் உள்ள போர்டில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ். நீளச் சத்தமே திரும்பத் திரும்ப வந்தால் ராம். மற்ற கம்பெனிகளுக்குக் கணக்கு வேறு, சத்தத்தை போனில் பதிந்து வைத்துக்கொண்டால் கடைக்காரர் கேட்டதும் சொல்லிவிடுவார்.

29. தேதி தினமும் பழைய வருஷத்துக்கு ஓடிவிடுகிறது, திரையில் 'எப் 1 அழுத்து' என்று நிற்கிறது என்றால் மதர்போர்டில் உள்ள வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றுவதற்குக் கூலி கொடுப்பது வீண்.

30. லேப்டாப் விளக்கு எரிந்தும் திரை வரவில்லையா? சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பிறகு சார்ஜர் மட்டும் போட்டு ஆன் செய்தால் பல லேப்டாப் எழுந்துவிடும்.

31. மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பாருங்க. ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால் கீல் வழியாகப் போகும் கேபிள்தான் நைந்திருக்கிறது, பேனல் இல்லை. இந்தக் கேபிளுக்கும் பேனலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம், அதனால் இதைக் கடையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்க.

32. லேப்டாப் மூடியில் காந்தம் இருக்கும், மூடினால் திரையை அணைப்பது அதுதான். காந்தக் கொக்கி வைத்த பர்ஸ், போன் உறை, காந்த வளையல் ஏதாவது கீபோர்டு ஓரத்தில் இருந்தாலும் மூடிவிட்டதாக நினைத்து அணைந்துவிடும்.

33. சந்தேகம் தீர லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணைத்துப் பாருங்க, டிவியில் படம் ஒழுங்காக வந்தால் மதர்போர்டு பிழைத்தது. 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த பெட்டியில் இந்த வாய் இல்லை, அதை விட்டுவிடுங்க. பழைய சிபியுவில் வி.ஜி.ஏ மட்டும் இருந்தால் கன்வெர்ட்டர் வாங்கும்போது கவனம்: 'வி.ஜி.ஏ-யிலிருந்து எச்.டி.எம்.ஐ' வேறு, 'எச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ' வேறு. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

34. திரையை கண்ணாடி துடைக்கும் திரவம் தெளித்துத் துடைக்காதீங்க. வழிந்து கீழ் ஓரத்தில் இறங்கினால் அங்கே உள்ள நுண்ணிய இணைப்பு அரித்து, நிரந்தரமாகக் கோடு விழும். கண்ணாடிக்காரர் கொடுக்கும் மெல்லிய துணியை, இன்வெர்ட்டருக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரில் துளி நனைத்துப் பிழிந்து துடைத்தாலே போதும்.

35. ரோஜாத் தோட்டம், காய்கறித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் கடுகைவிடச் சின்னப் பூச்சி திரைக்கு உள்ளேயே நடமாடும். அழுத்தி நசுக்கிவிட்டால் ஆயுசுக்கும் அங்கேயே கறுப்புப் புள்ளியாக நிற்கும். மானிட்டரை அணைத்துவிட்டு, இருட்டறையில் பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிட்டால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும்.

36. கோளாறு நடக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவையுங்க, கடைக்குப் போனால் சமர்த்தாக ஓடி நம்மைப் பொய்யராக்கும் சாதனம் இது. நம் ஊரில் மெக்கானிக் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசினாலும் வீடியோவுக்கு மொழி தேவையில்லை!

37. பேனல் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீங்க, பேனலின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணையும் 30 ஊசியா 40 ஊசியா என்பதையும் பாருங்க. ராயக்கோட்டை மண்டித் தக்காளி விலைபோல இதன் விலையும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பெங்களூரு போகும் வேலை இருந்தால் கே.ஆர். மார்க்கெட் பக்கத்து எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குங்க. பழைய பேனலைக் கையில் கொண்டுபோவது நல்லது.

38. மதர்போர்டு கிராபிக்ஸ் சிப்பைச் சூடு காட்டிச் சரிசெய்கிறேன் என்பவரிடம் மட்டும் பணம் கொடுக்காதீங்க. சில வாரம் ஓடி மறுபடி போவதுதான் வழக்கம். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால், பெங்களூரு ஐ.டி. கம்பெனிகள் கழிக்கும் நல்ல செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டரே கிடைக்கும். செகண்ட்ஹேண்ட் மானிட்டரென்றால் அரைமணி நேரம் ஓடவிட்டு, முழு வெள்ளைப் படம், முழுக் கறுப்புப் படம் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்க.

39. டிஸ்ப்ளே போனதும் கல்யாண போட்டோவெல்லாம் போச்சே என்று கலங்க வேண்டாம். அது ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருக்கும். டிஸ்கைக் கழற்றி, சாட்டாவிலிருந்து யு.எஸ்.பி கேபிள் ஒன்றால் இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி எடுத்துக்கொள்ளலாம். சிபியுவைக் கடையில் விடும் முன் டிஸ்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

40. செத்த மானிட்டரைக் குப்பைமேட்டில் போட்டு உடைக்காதீங்க: பழைய எல்.சி.டி விளக்கில் பாதரசம், டப்பா மானிட்டர் கண்ணாடியில் ஈயம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிப்படி பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். கொடுக்கும் முன் பவர் ஒயரையும் வீடியோ கேபிளையும் உருவி வைத்துக்கொள்ளுங்க, அடுத்த மானிட்டருக்கு ஆகும்.

41. திரை மட்டும் போன லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க. டிவிக்குக் கீழே வைத்து, எச்.டி.எம்.ஐ கேபிளும் ஒரு சாதாரண மவுஸும் செருகினால் பிள்ளைகள் பாடம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் தயார். மூடியை மூடினாலும் அணையாமல் இருக்க, பவர் ஆப்ஷனில் 'மூடும்போது எதுவும் செய்யாதே' என்று மாற்றிவிடுங்க. காற்றுப்போக்கு இருக்கும்படி அடியில் இரண்டு மரக்கட்டை வைத்தால் சூடும் ஏறாது.